பத்திரிகைத் தொடர்பு உள்ளிருந்து தொடங்குகிறது



செய்தி ஊடகங்களோடு பழகுவது எப்படி என்று மக்கள் தொடர்புப் பணியில் இருப்பவர்களுக்கு நடைமுறை ஆலோசனை சொல்லும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். இந்தத் தலைப்பில் நடக்கும் பயிற்சிகளில் பெரும்பாலும் நிருபரைப் பற்றியே பேச்சு இருக்கும். அவரை எந்த நேரத்தில் அழைக்கலாம், செய்திக் குறிப்பை எப்படி எழுதலாம், கேமரா முன்னால் எப்படி உட்காரலாம், சங்கடமான கேள்வி வந்தால் எப்படிச் சமாளிக்கலாம் என்று வரிசையாகச் சொல்வார்கள். அவற்றில் பல உண்மையிலேயே பயன்படும். சிலவற்றை நானும் சொல்லப்போகிறேன். ஆனால் நிறுவனங்கள் பத்திரிகைகளில் பெயர் கெட்டுப்போன வரலாறுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் ஒரு விஷயம் திரும்பத் திரும்பத் தென்படுகிறது. நிருபருக்கும் பி.ஆர்.ஓ. எனப்படும் மக்கள் தொடர்பு அலுவலருக்கும் நடுவே உறவு சரியில்லாததால் வந்த கேடு குறைவு. பி.ஆர்.ஓ.வுக்கும் அவருடைய சொந்த நிறுவனத்துக்கும் நடுவே உண்மை வந்துசேராமல் போனதால் வந்த கேடே அதிகம். ஆலைக்குள் என்ன நடந்தது என்பது ஷிஃப்ட் பொறியாளருக்குத் தெரிந்திருக்கும். நிர்வாக இயக்குநருக்குப் பாதி தெரிந்திருக்கும். பதில் சொல்ல உட்கார்ந்திருக்கும் அலுவலருக்கு எதுவுமே தெரிந்திருக்காது. அவர் எவ்வளவு இனிமையாகப் பழகுகிறவராக இருந்தாலும் அந்த நாளில் அது கைகொடுக்காது. ஊடகத் தொடர்பில் பெரும்பங்கு வேலை நிறுவனத்தின் உள்ளேதான் நடந்தாக வேண்டும் என்பதே என் வாதம்.

இந்தத் தொழில் பிறந்த கதையிலேயே இதற்குச் சான்று இருக்கிறது. 1906 அக்டோபர் 28 அன்று அமெரிக்காவில் அட்லாண்டிக் சிட்டி அருகே பென்சில்வேனியா ரயில்வேயைச் சேர்ந்த ஒரு மின்ரயில் பாலத்திலிருந்து நீரில் விழுந்து ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். விபத்து என்றால் மூடி மறைப்பதே அந்தக் காலத்து ரயில் கம்பெனிகளின் வழக்கம். நிருபராக இருந்து ஆலோசகராக மாறிய ஐவி லீ, நடந்ததைக் கம்பெனியே முந்திக்கொண்டு சொல்ல வேண்டும் என்று வற்புறுத்தி அறிக்கை கொடுக்க வைத்தார். ‘நியூயார்க் டைம்ஸ்’ அதை அப்படியே அச்சிட்டது. இன்று நாம் பிரஸ் நோட் என்று சொல்வதன் முன்னோடியாக அது கருதப்படுகிறது. அதே ஆண்டு பத்திரிகை ஆசிரியர்களுக்கு அவர் அனுப்பிய கொள்கை அறிவிப்பில், தம் வேலை வெளிப்படையாக நடக்கும், கொடுக்கும் தகவல் சரியாக இருக்கும், அதைச் சரிபார்க்க விரும்பும் ஆசிரியருக்கு எல்லா உதவியும் செய்யப்படும் என்று வாக்களித்தார். எட்டு ஆண்டுகள் கழித்து அதே லீ தாம் எழுதிய விதியிலேயே தோற்றார். 1914 ஏப்ரலில் கொலராடோ மாநிலம் லட்லோவில் வேலைநிறுத்தம் செய்துவந்த சுரங்கத் தொழிலாளர்களின் கூடார முகாம் தாக்கப்பட்டு எரிந்தது. ஒரு கூடாரத்துக்கு அடியில் பதுங்குகுழியில் இருந்த இரண்டு பெண்களும் பதினொரு குழந்தைகளும் மாண்டார்கள். சுரங்கத்தில் பெரும்பங்கு வைத்திருந்த ராக்ஃபெல்லர் குடும்பம் லீயை அமர்த்தியது. அவர் வரிசையாக வெளியிட்ட பிரசுரங்களில் தொழிற்சங்கத் தலைவர்கள் வாங்கிய சம்பளம்பற்றிய கணக்கு படுமோசமான பிழை. அடுத்த ஆண்டு தொழிலுறவு ஆணையம் விசாரித்தபோது, தகவலைச் சரிபார்க்க நீங்களாக என்ன முயற்சி எடுத்தீர்கள் என்ற கேள்விக்கு, எதுவும் எடுக்கவில்லை என்று அவர் ஒப்புக்கொண்டார். சுரங்க நிர்வாகிகள் கொடுத்ததை வாங்கி அப்படியே அச்சுக்கு அனுப்பியிருக்கிறார். எழுத்தாளர் அப்டன் சிங்க்ளேர் ஒரு நச்சுக்கொடியின் பெயரை வைத்து அவருக்குச் சூட்டிய ‘பாய்ஸன் ஐவி’ என்ற பட்டம் அவர் இறந்த பின்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பத்திரிகைகளோடு பழகும் கலையில் அவருக்கு இணையானவர் அன்று இல்லை. அவரை வீழ்த்தியது, தம் சொந்தக் கட்சிக்காரரிடம் ஒரு கேள்வியைக்கூட அழுத்திக் கேட்காததுதான்.

அறுபத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகும் அதே கோளாறு. 1979 மார்ச் 28 அதிகாலையில் பென்சில்வேனியாவின் த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் இரண்டாம் உலை குளிர்விக்கும் நீரை இழந்து, எரிபொருளில் ஒரு பகுதி உருகியது. காலையில் மாநிலத் துணை ஆளுநர் வில்லியம் ஸ்க்ரான்டன், மின் நிறுவனம் சொன்னதை நம்பி, எல்லாம் கட்டுக்குள் இருப்பதாக நிருபர்களிடம் அறிவித்தார். நிறுவனம் சொன்னதைவிட நிலைமை சிக்கலானது என்று அன்றைய பொழுது சாய்வதற்குள் அவரே திருத்திச் சொல்ல வேண்டி வந்தது. இரண்டு நாள் கழித்து, ஒரு கதிர்வீச்சு அளவு எங்கே எடுக்கப்பட்டது என்பதில் குழப்பம். ஐந்து மைல் சுற்றளவில் இருக்கும் கர்ப்பிணிகளும் பள்ளி வயதை எட்டாத குழந்தைகளும் வெளியேறுவது நல்லது என்று ஆளுநர் அறிவித்தார். ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் ஊரை விட்டே கிளம்பிவிட்டார்கள். அதிபர் கார்ட்டர் அனுப்பிவைத்த ஹெரால்ட் டென்டன் என்ற அணுசக்தி ஒழுங்குமுறை அதிகாரி வந்து, எளிய சொற்களில் நிருபர்களுக்கு விளக்கத் தொடங்கிய பிறகே பதற்றம் தணிந்தது. இந்த விபத்தை ஆராய்ந்த கெமனி ஆணையம் அதே ஆண்டு அக்டோபரில் கொடுத்த அறிக்கை, நம் துறையில் இருப்பவர்கள் அவசியம் படிக்க வேண்டியது. தகவல் தந்தவர்கள் திட்டமிட்டு மூடிமறைத்ததாக அந்த ஆணையம் சொல்லவில்லை. விபத்து நேர்ந்தால் மக்களுக்கு எப்படிச் செய்தி சொல்வது என்பதற்கு மின் நிறுவனத்திடமும் ஏற்பாடு இல்லை, ஒழுங்குமுறை ஆணையத்திடமும் ஏற்பாடு இல்லை என்றுதான் சொல்லியது. கட்டுப்பாட்டு அறையிலிருந்து பேச்சாளரின் மேசைவரை உண்மை நடந்து வருவதற்கு ஒரு வழி போடப்பட்டிருக்கவில்லை. பொய்யர்கள் என்ற பெயர் வாங்குவதற்குப் பொய் சொல்ல வேண்டும் என்பதில்லை. தெரியாததைத் தெரிந்ததுபோலச் சொன்னாலே போதும்.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியது 1982-ன் டைலினால் விவகாரம். சிகாகோ வட்டாரத்தில் சயனைடு கலந்த டைலினால் வலி நிவாரண மாத்திரைகளை விழுங்கிய ஏழு பேர் இறந்தார்கள். அந்த மாத்திரையை விற்றுவந்த ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனத்துக்குச் செய்தி எட்டியதே ஒரு சிகாகோ நிருபரின் தொலைபேசி அழைப்பில்தான். நாடு முழுவதும் சுமார் 3 கோடியே 10 லட்சம் புட்டிகளை நிறுவனம் திரும்பப் பெற்றதும், அதற்கு 10 கோடி டாலருக்கு மேல் செலவானதும் எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது. நான் நின்று பார்க்க விரும்புவது அதிகம் பேசப்படாத ஒரு சின்ன நிகழ்வை. உங்கள் ஆலையில் சயனைடு உண்டா என்று நிருபர்கள் முதல் நாளே கேட்டார்கள். மக்கள் தொடர்புப் பிரிவு ஆலையில் விசாரித்து, இல்லை என்று பதில் சொன்னது. பிறகுதான் தெரிந்தது, தரப் பரிசோதனைக்காகச் சிறிதளவு சயனைடு அங்கே பயன்படுத்தப்படுகிறது என்று. மாத்திரையில் நஞ்சு கலந்தது ஆலையில் இல்லை, கடைகளில் யாரோ செய்த வேலை என்பது தெளிவாகிவந்த நேரம். மௌனமாக இருந்திருக்கலாம். ஆனால் அவர்கள் முன்பு சொன்னது தவறு என்று நிருபர்களிடம் ஒப்புக்கொண்டார்கள். அது செய்தியாக வந்து அடங்கியது. பழைய மறுப்பையே பிடித்துக்கொண்டிருந்து பிறகு அம்பலமாகியிருந்தால், அதன்பின் அந்த நிறுவனம் சொன்ன எதையும் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். சந்தையில் மூன்றில் ஒன்றுக்கு மேல் இருந்த டைலினாலின் பங்கு சில வாரங்களில் பத்தில் ஒன்றுக்கும் கீழே போய், ஓராண்டு வாக்கில் பெரும்பகுதி மீண்டது. அந்த மீட்சிக்குப் புதிய மூன்றடுக்குப் பாதுகாப்பு உறை எவ்வளவு காரணமோ அவ்வளவு இந்தத் திருத்தமும் காரணம் என்பது என் கணிப்பு.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். ஜான்சன் அண்ட் ஜான்சன் குற்றமற்றது. நஞ்சு வைத்தவன் வேறொருவன். கையில் கறை இல்லாதவன் கையைத் தைரியமாக விரித்துக் காட்டலாம். தவறு நம்முடையதாக இருக்கும்போது வாயைத் திறந்தால் அந்தச் சொல்லே நீதிமன்றத்தில் சாட்சியாகிவிடும் என்பார்கள் வழக்கறிஞர்கள். இதை லேசாகத் தள்ளிவிட முடியாது. நிறுவனத்தின் சட்டப் பிரிவு எச்சரிக்கை கொடுக்கத்தான் இருக்கிறது. ஆனால் தவறு செய்த நிறுவனம் குறைத்துச் சொன்னபோது என்ன ஆனது என்பதற்கும் ஓர் ஆவணம் இருக்கிறது. 2010 ஏப்ரல் 20 அன்று மெக்சிகோ வளைகுடாவில் பி.பி. நிறுவனத்துக்காகத் துளையிட்டுக்கொண்டிருந்த டீப்வாட்டர் ஹொரைசன் மேடை வெடித்து 11 தொழிலாளர்கள் இறந்தார்கள். கடலடியில் நாளொன்றுக்கு எவ்வளவு எண்ணெய் கசிகிறது என்பதுதான் எல்லா நிருபர்களின் கேள்வியும். முதலில் 1,000 பீப்பாய் என்றார்கள். சில நாளில் 5,000 என்றார்கள். தொடக்கத்தில் அது 60,000 பீப்பாய்க்கும் மேல் இருந்தது என்று அரசு அமைத்த அறிவியலாளர் குழு பிறகு கணக்கிட்டது. 2012 நவம்பரில் பி.பி. ஒப்புக்கொண்ட குற்றங்களில், பதினொரு பேரின் சாவுக்கான குற்றங்களோடு, கசிவின் அளவைப் பற்றி அமெரிக்க நாடாளுமன்றத்துக்குத் தகவலை மறைத்த குற்றமும் ஒன்று. முதலீட்டாளர்களிடம் அதே விஷயத்தில் தவறான தகவல் தந்ததற்காக 52 கோடியே 50 லட்சம் டாலர் தனியாகக் கட்ட வேண்டி வந்தது. வழக்குக்குப் பயந்து சுருக்கிச் சொன்ன எண்ணே தனி வழக்காக வளர்ந்தது. வழக்குமன்றச் சூழலிலேயே செய்யப்பட்ட ஆய்வும் இதைத்தான் காட்டுகிறது. கிப்ளிங் வில்லியம்ஸ் முதலிய உளவியலாளர்கள் 1993-ல் வெளியிட்ட பரிசோதனையில், தமக்குப் பாதகமான உண்மையைத் தாமே முதலில் சொன்ன தரப்பை, எதிர்த்தரப்பு அம்பலப்படுத்திய தரப்பைவிட நம்பகமானதாக மாதிரி ஜூரிகள் கருதினார்கள்.

சட்டப்படி நம் பக்கம் நியாயம் இருந்தால் போதும் என்று நினைப்பவர்களுக்கு நம் நாட்டிலேயே ஒரு படிப்பினை உண்டு. உத்தரப்பிரதேசத்தில் எடுத்த ஒரு மாதிரியில் காரீயம் அதிகம் என்ற செய்தி 2015 மே மாதம் மேகி நூடுல்ஸைச் சுற்றிப் பரவியபோது, நெஸ்லே இந்தியா தன் சொந்தப் பரிசோதனைகளைச் சுட்டிக்காட்டிச் சுருக்கமான அறிக்கைகளோடு நின்றுகொண்டது. ஒன்றன்பின் ஒன்றாக மாநிலங்கள் தடை விதித்தன. தமிழ்நாடும் ஜூன் தொடக்கத்தில் மூன்று மாதத் தடை விதித்தது. ஜூன் 5 அன்றுதான் நிறுவனத்தின் உலகத் தலைவர் பால் புல்கே டெல்லியில் நிருபர்களைச் சந்தித்தார். அதற்குள் பண்டத்தைத் திரும்பப் பெறும் முடிவும் எடுக்கப்பட்டு, மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் தடை உத்தரவும் வந்துவிட்டது. ஆகஸ்ட் 13 அன்று மும்பை உயர் நீதிமன்றம் தடையை நீக்கியது; நிறுவனத்தின் தரப்பைக் கேட்காமல் உத்தரவிட்டதும், பரிசோதித்த ஆய்வகங்களுக்கு உரிய அங்கீகாரம் இல்லாததும் காரணங்கள். சட்டத்தில் வென்றாயிற்று. ஆனால் பல ஆயிரம் டன் நூடுல்ஸ் அழிக்கப்பட்டிருந்தது, காலாண்டுக் கணக்கு நஷ்டத்தில் விழுந்திருந்தது, கடையில் மீண்டும் பொட்டலம் வர நவம்பர் ஆனது. தாய்மார்கள் கேட்டது ஆய்வக எண்களை அல்ல. என் பிள்ளைக்கு நேற்றுக் கொடுத்தது கெடுதலா என்பதைத்தான். அந்தக் கேள்விக்கு மே மாதத்திலேயே ஒரு மனிதர் முன்னால் வந்து பதில் சொல்லியிருக்க வேண்டும்.

சரி, உள்ளே என்ன செய்ய வேண்டும்? வேலையில் சேரும் நாளிலேயே நிர்வாகத்திடம் மூன்று விஷயங்களை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஆலையிலோ மருத்துவமனையிலோ எது நடந்தாலும் மேலதிகாரிக்குப் போகும் முதல் தகவல் அதே நிமிடத்தில் உங்களுக்கும் வர வேண்டும். எந்த நேரத்திலும் தலைவரை நேரடியாகத் தொலைபேசியில் எழுப்பும் உரிமை உங்களுக்கு வேண்டும். முதல் அறிக்கையை, ஏற்கெனவே ஒப்புக்கொண்ட ஒரு வடிவத்துக்குள், யார் கையெழுத்துக்கும் காத்திராமல் வெளியிடும் அதிகாரம் வேண்டும். மூன்றாவதைக் கொடுக்க நிர்வாகங்கள் தயங்கும். தயக்கத்தைப் போக்க ஒரே வழி, அமைதியான நாட்களில் சட்டப் பிரிவையும் ஆலைப் பிரிவையும் உட்கார வைத்து அந்த வடிவத்தை எழுதிவிடுவதுதான். அதில் மூன்றே பகுதி போதும்: இப்போது உறுதியாகத் தெரிந்தது, இன்னும் தெரியாதது, அடுத்து எத்தனை மணிக்குச் சொல்வோம் என்பது. மூன்றாவது பகுதியை எழுதியவர்கள் அந்த மணிக்குக் கட்டாயம் நிருபர்கள் முன் நிற்க வேண்டும். சொல்லப் புதிதாக எதுவும் இல்லாவிட்டாலும் இல்லை என்று சொல்ல நிற்க வேண்டும். “கருத்துச் சொல்ல விரும்பவில்லை” என்ற வாக்கியத்தைப் பேச்சிலிருந்தே நீக்கிவிடுங்கள். சொல்ல முடியாத காரணம் ஒன்று இருக்கும் அல்லவா, அந்தக் காரணத்தைச் சொல்லுங்கள்: இறந்தவர்களின் குடும்பத்துக்கு இன்னும் தகவல் போகவில்லை, போலீஸ் விசாரணையில் இருக்கிறது, ஆய்வக முடிவு வரவில்லை. குற்றச்சாட்டின் சொல்லையே எடுத்து மறுக்கவும் வேண்டாம். 1973 நவம்பரில் பத்திரிகை ஆசிரியர்கள் கூட்டத்தில், தாம் மோசடிக்காரன் இல்லை என்று அமெரிக்க அதிபர் நிக்ஸன் சொன்னார். அமெரிக்கர்களின் நினைவில் இன்றுவரை அவர் பெயரோடு நிற்பது அந்த வசைச்சொல்தான்.

யார் பேச வேண்டும் என்பதும் உள்ளே முடிவாக வேண்டியது. 1979 ஆகஸ்ட் 10 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட முதல் எஸ்.எல்.வி.-3 ராக்கெட் வங்கக் கடலில் விழுந்தது. திட்ட இயக்குநர் அப்துல் கலாம். நிருபர்களைச் சந்தித்துத் தோல்விக்குப் பொறுப்பேற்றவர் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவன். 1980 ஜூலை 18 அன்று அதே வகை ராக்கெட் வெற்றி பெற்றபோது, நிருபர்களிடம் நீங்கள் பேசுங்கள் என்று கலாமை அனுப்பினார். கலாம் பல மேடைகளில் சொல்லி நம் எல்லோருக்கும் தெரிந்த வரலாறு இது. தலைமைப் பண்புக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுகிறது. எனக்கு இதில் மக்கள் தொடர்புப் பாடமும் தெரிகிறது. கெட்ட செய்தி வந்தால் தன்னைத்தான் நிருபர்கள் முன்னால் தள்ளுவார்கள் என்று தெரிந்த பொறியாளர், கெட்ட செய்தியை மேலே அனுப்பத் தாமதிப்பார். தலைவர் தாங்கிக்கொள்வார் என்று நம்புகிறவர் உடனே சொல்வார். பி.ஆர்.ஓ.வின் மேசைக்கு உண்மை விரைந்து வருமா வராதா என்பது அங்கேதான் தீர்மானமாகிறது.

இரண்டாவது மறுப்பு பத்திரிகைகளைப் பற்றியது. என்னதான் உண்மையைச் சொன்னாலும் அவர்கள் பரபரப்பாகத்தான் போடுவார்கள், திரித்து எழுதுவார்கள் என்று அதிகாரிகள் குமுறுவதை எங்கும் கேட்கலாம். திரிப்பு நடக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் பத்திரிகை அலுவலகம் எப்படி இயங்குகிறது என்று தெரிந்தால் அதில் பாதியைத் தவிர்க்கலாம். செய்தியை எழுதுபவர் நிருபர். தலைப்புப் போடுபவர் டெஸ்கில் இருக்கும் உதவி ஆசிரியர். தலைப்புக்காக நிருபரோடு சண்டை போடுவது வீண். தாலுகா ஊர்களில் செய்தி தருபவர்கள் பலர் மாதச் சம்பளக்காரர்கள் இல்லை, செய்திக்கு இவ்வளவு என்று வாங்குகிறவர்கள். அவர்களுக்கு உங்கள் அலுவலக வாசலில் மூன்று மணி நேரம் காத்திருக்க வசதியில்லை, பக்கத்து டீக்கடையில் கேட்டதை வைத்து எழுதிவிடுவார்கள். மாலைப் பத்திரிகை முற்பகலிலேயே பக்கத்தை முடிக்கிறது. காலைப் பத்திரிகைகளில் தொலைவு மாவட்டங்களுக்குப் போகும் பதிப்பு முதலில் அச்சேறுகிறது, நகரப் பதிப்பு பிந்தி அச்சேறுகிறது. இரவு பத்து மணிக்கு நீங்கள் அனுப்பும் விளக்கம் நகர வாசகருக்குக் கிடைக்கலாம், குற்றச்சாட்டைப் படித்த மாவட்ட வாசகருக்குக் கிடைக்காது. 2011-ல் புதிய தலைமுறை, 2012-ல் தந்தி டிவி என்று தமிழில் செய்தித் தொலைக்காட்சிகள் பெருகிய பிறகு, முதல் சில நிமிடங்களிலேயே திரைக்கு அடியில் ஓடும் வரி ஒன்று தேவைப்படுகிறது. நீங்கள் தராவிட்டால் வேறொருவர் தருவார்.

இன்னொன்று, மிக எளிதாகச் சரிசெய்யக்கூடியது. நம் நிறுவனங்களில் செய்திக் குறிப்பு ஆங்கிலத்தில் தயாராகி, தலைமை அலுவலகம் திருத்தி, கடைசி நேரத்தில் தமிழ்ப் பத்திரிகைகளுக்கும் அதே தாள் போகிறது. நெருக்கடியான நேரத்தில் டெஸ்கில் இருப்பவர் அதை மொழிபெயர்க்கிறார். மில்லியன் லட்சமாகிறது, பதவிப்பெயர் மாறுகிறது, நிபந்தனையோடு சொன்னது நிச்சயமாகிவிடுகிறது. பிறகு திரித்துவிட்டார்கள் என்று குறைப்படுகிறோம். தமிழ்க் குறிப்பைத் தமிழிலேயே எழுதுங்கள், சி.பா. ஆதித்தனார் 1942-ல் மதுரையில் ‘தினத்தந்தி’யைத் தொடங்கியபோது மனத்தில் வைத்திருந்தாரே, எழுத்துக்கூட்டிப் படிக்கும் வாசகர், அவருக்குப் புரியும்படி எழுதுங்கள். முதல் பத்தியிலேயே யார், எங்கே, என்ன, எப்போது வந்துவிட வேண்டும். பெயர்களுக்கு இனிஷியல் சரியாக இருக்க வேண்டும். கடைசியில் இருக்கும் தொலைபேசி எண்ணை எடுக்க ஆள் இருக்க வேண்டும். த்ரீ மைல் ஐலண்டில் குவிந்த நிருபர்களில் பலருக்கு அணு உலைபற்றி எதுவும் தெரியாது என்பதையும் கெமனி ஆணையம் குறித்திருக்கிறது. அதே நிருபர்கள் டென்டன் விளக்கியபோது சரியாக எழுதினார்கள். நிருபரின் அறியாமை நம்மைக் கோபப்படுத்தக் கூடாது. அதைப் போக்கத்தான் நமக்குச் சம்பளம்.

தவறான செய்தி வந்துவிட்டால் படிப்படியாகப் போங்கள். முதலில் எழுதிய நிருபரிடம், ஆவணத்தோடு, எந்த வரி தவறு என்று மட்டும் சொல்லுங்கள்; செய்தியின் தொனிபற்றி வாதாடாதீர்கள். அவர் திருத்தாவிட்டால் செய்தி ஆசிரியரிடம். அதற்கும் மேல் மறுப்புக் கடிதம். இந்தியப் பத்திரிகை கவுன்சிலின் நடத்தை நெறிகள் பாதிக்கப்பட்டவரின் பதிலை வெளியிட வேண்டும் என்கின்றன. விளம்பரத்தை நிறுத்திவிடுவோம் என்று உரிமையாளருக்குத் தொலைபேசி போடுவதை மட்டும் செய்யாதீர்கள். அந்தச் செய்தி மறுநாளே அடங்கிப்போகலாம். ஆனால் அந்த அலுவலகத்தில் இருக்கும் ஒவ்வொரு நிருபரும் உங்கள் நிறுவனத்தில் ஏதோ இருக்கிறது என்று குறித்துக்கொள்வார். செய்தியாளர் சந்திப்பின் முடிவில் ‘கவர்’ கொடுக்கும் வழக்கத்தைப் பற்றியும் வெளிப்படையாகப் பேச வேண்டும். பணம் கொடுத்து வெளியிடப்படும் செய்திகளைப் பற்றிப் பத்திரிகை கவுன்சில் 2010-லேயே விசாரித்து அறிக்கை தந்தது. அறத்தின் பக்கத்தை ஒரு நிமிடம் ஒதுக்கிவைத்துப் பயனை மட்டும் பார்த்தாலும், கவர் வாங்கியவர் நல்ல நாளில் நான்கு வரி போடுவார். கெட்ட நாளில் உங்கள் பக்கத்து உண்மையை அவர் எழுதினாலும் அதை அவருடைய ஆசிரியரே நம்ப மாட்டார்.

மூன்றாவதாக, இப்போது பத்திரிகைகள் எதற்கு, எங்கள் யூடியூபிலும் எக்ஸ் பக்கத்திலும் நாங்களே நேரடியாகச் சொல்லிவிடுவோம் என்கிறவர்கள் இருக்கிறார்கள். சொல்லுங்கள், வேகத்துக்கு அவை நல்லவை. ஆனால் நீங்களே உங்களைப் பற்றிச் சொல்வதும், கேள்வி கேட்கும் உரிமையுள்ள ஒருவர் கேட்டுச் சரிபார்த்து எழுதுவதும் மக்களிடம் ஒரே எடையில் நிற்பதில்லை. அதோடு, கேள்வியை எதிர்கொள்வது நிறுவனத்துக்கே நல்லது. 2020 ஜூனில் கொரோனா பரவியிருந்தபோது, சென்னை மாநகராட்சியின் பதிவேட்டில் உள்ள இறப்புகள் மாநிலச் சுகாதாரத் துறையின் அன்றாட அறிக்கையில் இல்லை என்று பத்திரிகைகள் எழுதின. அரசு ஆராய ஒரு குழுவை அமைத்தது. ஜூலை 22 அன்று, விடுபட்ட 444 இறப்புகள் ஒரே நாளில் அதிகாரபூர்வக் கணக்கில் சேர்க்கப்பட்டன. துறையின் அறிக்கை நாள்தோறும் விரிவாக, ஒவ்வொரு இறப்பின் வயதும் நோய்விவரமும் சொல்லி வந்துகொண்டிருந்தது. அப்படியிருந்தும் மருத்துவமனைகள், மாநகராட்சி, மாநில இயக்ககம் ஆகியவற்றுக்கு இடையே தகவல் போகும் பாதையில் ஓட்டை இருந்தது. அதைக் கண்டுபிடித்துச் சொன்னவர்கள் வெளியே இருந்த நிருபர்கள். தமிழ்நாடு 1997-லேயே தகவல் உரிமைக்கு ஒரு சட்டம் இயற்றிய மாநிலம். 2005-ன் மத்தியச் சட்டத்தின்படி எந்தக் குடிமகனும் 30 நாளில் அரசு அலுவலகத்தின் கோப்பைக் கேட்டு வாங்கலாம். இந்தச் சூழலில் எண்ணை மறைத்துவைப்பது சாத்தியமும் இல்லை. மறைக்க முடியாத எண்ணை முதலில் தானே சொல்லும் துறைக்கு, அதற்கான காரணத்தையும் தானே சொல்ல அவகாசம் கிடைக்கிறது.

கடைசியாக, இதெல்லாம் பெரிய கம்பெனிகளுக்கும் அரசுத் துறைகளுக்கும் சரி, பி.ஆர்.ஓ. வைத்துக்கொள்ள வசதியில்லாத சிறு மருத்துவமனையும் பள்ளியும் கூட்டுறவுச் சங்கமும் என்ன செய்யும் என்று கேட்கலாம். அவற்றுக்குத்தான் இது இன்னும் அவசியம், இன்னும் எளிதும்கூட. அங்கே தலைவருக்கும் வாசல் காவலருக்கும் நடுவே இரண்டு மூன்று பேர்தான் இருக்கிறார்கள். உண்மை நடந்து வர நெடுந்தூரம் இல்லை. ஒரே ஒரு தாள் போதும். நிருபர் வந்தால் பேசப்போவது யார், அவர் ஊரில் இல்லாவிட்டால் யார், மற்றவர்கள் நிருபரிடம் மரியாதையோடு என்ன சொல்லி எந்த அறையில் உட்கார வைக்க வேண்டும், பாதிக்கப்பட்ட குடும்பத்தோடு யார் இருக்க வேண்டும், முதல் அறிக்கையின் மூன்று பகுதிகள் எவை, உள்ளூர் நிருபர்களின் எண்கள், தீயணைப்பு நிலையம், வட்டாட்சியர் அலுவலகம், காவல் நிலையம் ஆகியவற்றின் எண்கள். அதை அலுவலக அறையின் சுவரிலும் வாசல் காவலரின் மேசையிலும் ஒட்டிவையுங்கள். காவலரைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சம்பவ நாளில் கேமராவோடு வருகிறவர் முதலில் சந்திப்பது அவரைத்தான். அவர் கையை நீட்டி லென்ஸை மறைக்கும் காட்சி, உள்ளே நீங்கள் தயாரிக்கும் எந்த அறிக்கையையும்விட அதிக முறை ஒளிபரப்பாகும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்தத் தாளை எடுத்து, மாற்றலாகிப் போனவர்களின் பெயரை அடித்துப் புதியவர்களின் எண்ணை எழுதி, அந்த எண்ணுக்கு ஒருமுறை அழைத்தும் பார்த்துவிடுங்கள்.